விலையும் வலிமையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வீடோ கடையோ கட்டுவோர், ‘சதுர அடிக்கு என்ன விலை?’ என்று மட்டும் ஒப்பந்தக்காரரிடம் வினவுதல் போதாது. ‘எத்தனை நாள் நீர் விடுவீர்கள்?’ என்றும் வினவ வேண்டும். காங்கிரீட் காய்வதால் இறுகுவதன்று. சிமெண்டு நீரோடு வினைபுரிவதால் இறுகுவது. ஆகவே, சாதாரண சிமெண்டாயின் 7 நாளேனும், கலப்புச் சிமெண்டாயின் 10 நாளேனும் ஈரம் காத்தல் வேண்டும் என்கிறது இந்தியத் தரநெறி.

நீர் விட ஆள் வைத்தால் கூலி கூடும். விலையைக் குறைத்தவர் இதனையும் குறைத்தால் கேடு உடனே தெரியாது. இருபருவ மழையும் பெய்யும் இம்மண்ணில், பின்னாளில் வெடிப்பின் வழியே நீர் இறங்கிக் கம்பி துருவேறும். அப்போது பணம் பெற்றவர் இரார். கூரையின்கீழ் வாழ்வோரே இருப்பர்.

எனவே, கலவை அளவையும் நீர் விடும் நாள்களையும் ஒப்பந்தத்தில் எழுதுதல் நன்று. மாணவர்களே, உங்கள் இல்லத்தில் கட்டடப் பணி நடைபெற்றால், அந்நாள்களை நாட்காட்டியில் நீங்களே குறித்து வாருங்கள்.