நூறில் ஏழு போனால்...

எங்கள் பெரியப்பா நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் காட்டியதில்தான் குடும்பமே ஏமாந்தது.

திருவையாறு பக்கம் ஒரு பண்ணையில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். பி.காம். படித்த நான் கால்குலேட்டரைத் தேடுவதற்குள், கலத்துக்கு 12 மரக்கால் என்று விரல் மடக்கி விடை சொல்லிவிடுவார். ‘காலேஜ்ல என்னதாண்டா சொல்லிக் குடுத்தானுவ?’ என்பது வருஷா வருஷம் எனக்குக் கிடைக்கும் பொங்கல் வாழ்த்து.

அப்படிப்பட்டவர் ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை கூலி கொடுத்தார். காவேரிக்குக் குளிக்கப் போனவர், திரும்ப வழி தெரியாமல் பால்காரர் வண்டியில் வந்து இறங்கினார். ‘கண்ணாடி பவர் மாறிடுச்சு’ என்றார் பெரியம்மா. மாற்றினோம். அப்புறம் காதைக் காட்டினோம். அப்புறம் குணசீலம் பெருமாள். மனக்கோளாறு என்றால் அங்கே போய்த் தங்குவது நம் பக்கத்து வழக்கம். பெருமாள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அடுத்துப் பார்த்த டாக்டர் மேல்தான் கொஞ்சம் உண்டு.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் அவர். பெரியப்பா, தொண்ணூத்தி மூணு, எண்பத்தாறு என்று கடகடவென்று இறங்கி, ‘ரெண்டு மிச்சம். யார் பேர்ல எழுதட்டும்?’ என்றார். ‘இவருக்கா மறதி? வயசாச்சு, அவ்வளவுதான்’ என்று அனுப்பிவிட்டார் டாக்டர். வெற்றி விழா மாதிரி திருவையாற்றில் இறங்கி அசோகா வாங்கிச் சாப்பிட்டோம். பத்தாவது நிமிஷம் பெரியப்பா கேட்டார்: ‘எனக்கு மட்டும் இல்லியா?’

நாற்பது வருஷம் கை பழகிய கணக்கு அத்தனை சீக்கிரம் போகாது. இப்போது தின்ற அல்வா போய்விடும்.

பிறகு இந்தப் பத்திக்காக நாலைந்து வீடுகளில் விசாரித்தேன். கண்ணாடி, காது, கோயில் என்று எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட இதே ரூட் பஸ்தான். எல்லா வீட்டிலும் ஒருவருக்கு மட்டும் முதலிலேயே தெரிந்திருக்கிறது.

படித்ததில் ‘10/66’ என்று ஒரு ஆராய்ச்சிக் குழு அகப்பட்டது. 1998-ல் ஆரம்பித்தது. ஏதோ பட்டா சர்வே நம்பர் என்றுதான் முதலில் நினைத்தேன். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் இருப்பது வளரும் நாடுகளில். ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை. அதுதான் பெயருக்குக் காரணம். சென்னையிலும் வேலூரிலும்கூட இவர்கள் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். பெரியவரைக் கேள்வி கேட்பதோடு விடாமல், கூட இருப்பவரையும் உட்கார வைத்து விசாரிப்பது இவர்கள் முறை.

தஞ்சாவூரில் 2025 தை மாதம் பார்த்த இன்னொரு டாக்டர் அதைத்தான் செய்தார். நாற்காலியைப் பெரியம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ‘எப்பலேருந்தும்மா?’ என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

‘மேட்டூரத் தொறந்தும் தண்ணி பத்தாம குறுவை கருகுச்சே, அந்த வருஷத்துலேருந்து.’

அது 2023! ஒன்றரை வருஷமாக, அவர் எடுத்துப்போகும் பணத்தை முன்னாலேயே எண்ணி வைத்து, தப்பாக எழுதிய கணக்கை ராத்திரியில் அழித்து எழுதி... எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன். ‘ஊருக்கே கணக்குச் சொன்ன மனுஷன் தம்பி. எப்புடிச் சொல்லுவேன்?’ என்றார்.

தைராய்டு, பி12 குறைவு, கீழே விழுந்து மண்டைக்குள் கட்டிய ரத்தம் — இதனாலெல்லாம்கூட இப்படி வரலாமாம். அப்படியானால் வைத்தியம் உண்டு. அதனால்தான் சீக்கிரம் போகவேண்டும். ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, ஒவ்வொன்றாக அடித்தார்கள். பெரியப்பாவுக்கு மிச்சம் நின்றது அல்ஸைமர். மாத்திரை உண்டு, கொஞ்ச நாளைக்குத் தாங்கும், குணமாக்காது. 2023-ல் வந்த ஒரு ஆய்வு, இந்தியாவில் 60 தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது. அத்தனை வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார்.

டாக்டர் சொல்லி, பெரியம்மா இப்போது பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினம் எழுதுகிறார்: எத்தனை மணிக்குத் தூங்கினார், என்ன சாப்பிட்டார், வெளியே போனாரா. சாயங்காலம் ஆனால் பெரியப்பா நோட்டைக் கேட்டு வாங்கி, வரி வரியாக டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் ஒரு வரியில் மட்டும் பேனா நின்றதாம்.

‘ராத்திரி மூணு தடவ எழுந்தார்னு போட்டிருக்கியே, யாரு?’

‘நம்ம பண்ணை ஆளுதான்.’

‘பாவம். அரை நாள் கூலி சேத்துப் போடு’ என்று சொல்லிவிட்டு, டிக் அடித்தாராம்.