தெனமும் உப்பு அள்ளுறவங்க பேரு புக்குல எங்க?

குயிலாப்பாளையத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் உப்புச் சத்தியாகிரகப் பாடம் படித்துக்கொண்டிருந்தோம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளி அவர் கைதானார். பாடம் அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, அவுங்க ஒரு நாள் அள்ளனாங்க, பேரு வந்துடுச்சி. தெனமும் அள்ளுறவங்க பேரு புக்குல எங்க இருக்கு?"

அவளுடைய தாத்தா மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். காலில் ஆறாத புண், வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிப்போன கண், மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. இதையெல்லாம் வீட்டில் பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கிறாள். சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய என்னிடம் அவளுக்குச் சொல்லப் பதில் இல்லை.

தோழர்களே, இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். நம் பிள்ளைகளின் வரலாறு வகுப்பறைக்குள் எப்போது வரும்?

ஒன்றுமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா இருக்கிறார்கள். போராடிப் பெற்ற இடம் அது. ஆனால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? பிறந்த ஆண்டு, நடத்திய பத்திரிகை, இரண்டு மதிப்பெண் வினா. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம், மரக்காணத்துக்கு வடக்கே மதுராந்தகம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார், பிறகு வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் உட்கார்ந்தார் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் முகம் மாறும். "பக்கத்து ஊருதானாக்கா?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது.

எங்கள் ஊரை ஒட்டிய ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து கலசத்தில் இட்டார்கள் என்பது குயிலாப்பாளையத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அது இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நானே முதுகலை படிக்கும்போதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன்.

வெண்மணி எரிந்த அந்த நாட்களில் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. கறுப்பின மாணவர்களும், ஆசிய, லத்தீன் அமெரிக்க, பூர்வகுடி மாணவர்களும் சேர்ந்து 1968 நவம்பர் 6 முதல் 1969 மார்ச் 20 வரை போராடினார்கள். "எங்கள் வரலாற்றை எங்கள் பார்வையில் கற்றுக்கொடு" என்பதுதான் கோரிக்கையின் சாரம். அப்படிப் பிறந்ததுதான் 'எத்னிக் ஸ்டடீஸ்' என்ற துறை. அது யாரும் இரங்கிக் கொடுத்த பாடம் அல்ல, மாணவர்கள் அடிபட்டு, சிறை போய் வாங்கிய பாடம்.

பின்னாளில் அதே நகரத்து உயர்நிலைப் பள்ளிகளில், மதிப்பெண் குறைந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இந்தப் பாடத்தில் சேர்த்து, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் விளைவை அளந்தார்கள். வருகை 21 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. தன்னைப் பற்றிய பாடம் இருந்தால் பிள்ளை பள்ளிக்கு வரும். முந்திரித் தோப்புக்கும் கட்டட வேலைக்கும் பள்ளியை விட்டு ஓடும் நம் பையன்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படியுங்கள்.

இப்போது நம் மாநிலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்றது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

இவற்றை வரவேற்கிறேன். ஆனால் பலகையில் பெயரை அழிப்பது பாதி வேலைதான். 'காலனி' போய்விட்டால் அந்தத் தெரு ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது என்ற கேள்வியும் போய்விடுமா? 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் போராடி, இழிவாகச் சுமத்தப்பட்ட பெயர்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசு ஆவணத்தில் ஏற்றினார். இன்று அந்தப் பெயரையும் பள்ளிப் பலகையிலிருந்து எடுக்கலாம் என்கிறோம். எடுக்கட்டும். ஆனால் அது யார், எதற்காக, எப்படி வாங்கிய பெயர் என்று அந்தப் பள்ளிக்குள் ஒரு பாடம் இருக்க வேண்டும். பெயரையும் எடுத்து, வரலாற்றையும் சொல்லாமல் விட்டால், மிஞ்சுவது சாதி மட்டும்தான்.

"சாதியைப் பற்றிப் பேசினால் சாதி வளரும்" என்று ஆசிரியர்களே சொல்கிறார்கள். கயிறு கட்டுவதை எந்தப் பாடப் புத்தகம் கற்றுக்கொடுத்தது? வீடும் தெருவும் திருவிழா பேனரும் கற்றுக்கொடுத்தன. அவை தினமும் பாடம் நடத்துகின்றன. பள்ளி மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு தயக்கம் நியாயமானது. நான் பள்ளியில் படித்தபோது தீண்டாமைப் பாடத்தை ஆசிரியர் வாசிக்கச் சொன்னார். வகுப்பே திரும்பி எங்கள் மூன்று பேரைப் பார்த்தது. இன்றும் அந்தப் பார்வை முதுகில் ஊர்கிறது. அப்படியொரு பாடம் இன்னும் நூறு வந்தாலும் நமக்கு வேண்டாம். தீண்டாமையைத் தலித்துகளின் துயரக் கதையாகச் சொன்னால் எல்லாரும் நம்மைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதைச் செய்தவர்களின் வரலாறாகவும், எதிர்த்து நின்றவர்களின் வரலாறாகவும் சொல்ல வேண்டும். "உன்னை எங்கே விடவில்லை?" என்று நம் பிள்ளையைக் கேட்பதற்கு முன், "உன் தெருவுக்குள் யாரை விடுவதில்லை, ஏன்?" என்று ஊர்ப் பிள்ளையைக் கேட்க வேண்டும். அதனால்தான் இந்தப் பாடம் சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் போதாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகுப்பில் வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வேண்டியது கிடக்கிறது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளியில், இரு பக்கத்திலும், அவரவர் வீட்டில் கேட்ட கதையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையை யார் அவர்களுக்குச் சொல்வது?

அரசு பாடத்திட்டத்தை மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் உங்கள் ஊரில் இப்போதே மூன்று வேலைகளைச் செய்யலாம்.

முதலாவது, பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். எந்தக் கிணறு, எந்தத் தேநீர்க் கடை, முதல் செருப்பு, முதல் பட்டதாரி, முதல் போராட்டம். பிள்ளைகளே கேட்கட்டும், பிள்ளைகளே எழுதட்டும்.

இரண்டாவது, நிலத்தைப் படியுங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892இல் அரசு பஞ்சமி நிலம் வழங்க ஆணையிட்டது. மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். அதை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டை எடுத்து, பஞ்சமி நிலம் எது, இன்று யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இதைவிட நல்ல சமூக அறிவியல் செய்முறை வகுப்பு கிடையாது.

மூன்றாவது, எழுதியதைப் பள்ளிக்குள் கொண்டுபோங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் இருக்கிறார்கள். ஏப்ரல் 14 அன்று படத்துக்கு மாலை போட்டு மிட்டாய் கொடுப்பதோடு நிறுத்தாமல், பிள்ளைகள் எழுதிய ஊர் வரலாற்றை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, "உங்க தாத்தாகிட்ட கேட்டு எழுதிட்டு வா" என்றேன். அடுத்த வாரம் நான்கு பக்கம் எழுதி வந்தாள். முதல் வரியில் தாத்தாவின் முழுப் பெயர். அதன் கீழே, அவர் எத்தனை வயதில் பாத்தியில் இறங்கினார், அன்றைக்குக் கூலி எவ்வளவு, கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பெயர்கள்.

அந்த நோட்டு எங்கள் மையத்தில் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் ஊர் நோட்டு எங்கே?

ஜெய்பீம்.