மருந்து அடித்த சட்டையைத் துவைப்பவருக்கு யார் சொல்வது?

கேள்வி: ‘‘மக்காச்சோளத்துக்கு மருந்து அடித்துவிட்டு வரும் வீட்டுக்காரரின் துணியை நான்தான் துவைக்கிறேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இதை வேளாண்மை அலுவலரிடம் கேட்பதா, நர்ஸம்மாவிடம் கேட்பதா?’’
- வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: இருவரிடமும் கேட்கலாம். இருவரையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது.

2018-ம் ஆண்டு படைப்புழு வந்த பிறகு, பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோள விவசாயிகள் கைத்தெளிப்பானை அடிக்கடி தூக்க வேண்டியதாகிவிட்டது. எந்த மருந்து, டேங்குக்கு எவ்வளவு என்பதை வேளாண்மைத் துறையினர் பெரும்பாலும் ஆண்களிடம் சொல்கிறார்கள். ரத்தசோகை, தடுப்பூசி பற்றிக் கிராம சுகாதார செவிலியர் பெண்களிடம் சொல்கிறார். குழந்தையின் எடையை அங்கன்வாடியில் பார்க்கிறார்கள். அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்தாலும், வயலிலிருந்து வீட்டுக்கு வரும் சட்டையைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் போகிறது.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியவை:

* மருந்து அடிக்க முழுக்கை சட்டை ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அடித்தவர் குளித்து, வேறு துணி மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.

* அந்தத் துணியை அன்றே, தனி வாளியில், கையுறை போட்டுச் சோப்புத்தூளில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். குழந்தைத் துணியோடு சேர்க்கக் கூடாது. துவைத்த தண்ணீர் கிணறு, குட்டைப் பக்கம் போகக் கூடாது. மருந்து நேராகக் கொட்டி ஊறிய துணியை மறுபடி உடுத்த வேண்டாம்.

* காலி டப்பாவில் தண்ணீரோ எண்ணெயோ வைக்காதீர்கள்.

* தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவின் லேபிளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து, அலுவலர்களை ஒன்றுசேர்ப்பது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. பயிர், கால்நடை, மனையியல் என்று பல துறை வல்லுநர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதே இந்த நிலையங்களின் அமைப்பு. பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்திலும், அரியலூருக்குச் சோழமாதேவியிலும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் மகளிர் குழுவின் பெயரில் ஒரு கடிதம் கொடுத்து, பாதுகாப்பாக மருந்து அடிப்பது பற்றி ஊரிலேயே பயிற்சி கேளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து நடத்த வேண்டும், செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். வேளாண்மை விரிவாக்க மையத்தில் ‘அட்மா’ திட்டப் பயிற்சியாகவும் கேட்டுப் பார்க்கலாம்.

கிராம சபையிலும் இதே கோரிக்கையை வையுங்கள். எல்லாத் துறையினரும் ஒரே பந்தலில் உட்காரும் நாள் அதுதான். ஒருவர் தலையில் இன்னொருவர் தள்ளிவிட அங்கே வழியில்லை.