முதலில் மண், பிறகு மரம்

4ஆம் படிவத்தில் படித்தபோது, கம்பார் அருகிலுள்ள பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எங்கள் மன்றம் மரக்கன்றுகளை நட்டது. படம் எடுத்தோம், கைதட்டினோம். சில மாதங்களில் பெரும்பாலானவை கருகிவிட்டன. நாங்கள் சரியாக நீர் ஊற்றவில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படித்த பிறகே உண்மை விளங்கியது. ஈயத்தைப் பிரிக்க மண்ணைக் கழுவும்போது களியும் மக்கிய சத்தும் நீரோடு போய்விடுகின்றன. எஞ்சுவது வெறும் மணல். அதில் ஊற்றும் நீரும் போடும் இரசாயன உரமும் வேரில் தங்காமல் கீழே இறங்கிவிடும். நண்பகலில் மணலின் சூடு வேறு இளங்கன்றை வாட்டும்.

இதற்கான மருந்து நம் நாட்டிலேயே குவிந்து கிடக்கிறது. செம்பனை ஆலைகள் ஒதுக்கும் வெறுங்குலைகளையும் கோழி எருவையும் நன்கு மக்கவைத்து நடுகுழியில் கலந்தால், மணல் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். பேராக், பீடோரில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் இத்தகைய மணல் நிலத்தில் மரங்களை வளர்த்துக் காட்டியிருக்கிறது.

செலவு கூடும் என்பார்கள். நட்டதைச் சாகவிடுவதுதான் வீண் செலவு.

ஆகவே நண்பர்களே, அடுத்த மரம் நடும் விழாவில் எத்தனை கன்றுகள் என்று மட்டும் கேட்காதீர்கள். குழிக்கு எவ்வளவு எரு, ஓராண்டுக்குப் பின் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்றும் கேளுங்கள்.