பழைய துப்பாக்கி, புதிய முகமூடி

"என் பிள்ளை மறுபடியும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகப் போகிறானாம். வயது நாற்பதை எட்டுகிறது, இரண்டு குழந்தைகள் வேறு. இந்த அநியாயத்தை நீங்களாவது கேளுங்கள்!" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளை இருப்பது அமெரிக்காவில். கல்லூரி நாளில் ஆடிய ஆட்டம், கல்யாணத்தோடு விட்டுப்போயிற்று. கார் ஷெட்டை ஒழித்தபோது பழைய பை அகப்பட்டது. ஆசையும் கூடவே திரும்பிவிட்டது.

அம்மணி, பயப்படாதீர்கள். அது சாயத் துப்பாக்கி. ஆட்டத்தின் பெயர் பெயிண்ட்பால். பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆனால் அது நீங்கள் நினைக்கிற இடமல்ல. அதைச் சொல்லுமுன் ஆட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள்.

வெட்ட வேண்டிய மரத்துக்கு எட்ட நின்றே அடையாளம் வைக்கவும், மந்தையில் மாட்டுக்குக் குறி போடவும் அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. நெல்ஸ்பாட் 007 என்று பெயர். ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகருக்கும் சார்லஸ் கெயின்ஸ் என்ற எழுத்தாளருக்கும் ஓயாத வழக்கு ஒன்று: காட்டில் கொண்டுபோய் விட்டால் பிழைத்து வருபவன் பட்டணத்தானா, நாட்டுப்புறத்தானா? வாயால் தீராத வழக்கை மாட்டுத் துப்பாக்கியால் தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. 1981 ஜூன் 27-ம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹென்னிக்கர் என்ற ஊருக்கருகே 12 பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். மேலே சாயம் படாமல், அங்கங்கே வைத்திருக்கும் கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட். மரங்களோடு பழகுவதே அவர் தொழில். அவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை! பூனை மாதிரி போய், பூனை மாதிரி வந்துவிட்டார். அடுப்படியில் நாம் இருக்கும்போதே முறுக்கு டப்பாவைக் காலி செய்யும் பிள்ளைகளுக்கு இந்தக் கலையை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

குண்டு என்கிறார்களே, அது என்ன தெரியுமா? மீன் எண்ணெய் மாத்திரை வழவழவென்று வருகிறதல்லவா, அதே ஜெலட்டின் உறைதான். 0.68 அங்குலம் அகலம், உள்ளே சாயம். ஆரம்பத்தில் எண்ணெய்ச் சாயமாக இருந்தது. டர்பன்டைன் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பிறகு தண்ணீரில் கரையும் சாயம் வந்தது. ஆட்டக்காரர்கள் மணிக்கணக்காகத் துப்பாக்கியின் பெருமையைப் பேசுவார்கள். துணி துவைக்கிறவர்களைக் கேட்டால் முதல் பரிசை இந்தச் சாயத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

துப்பாக்கியும் மாறத்தான் மாறியிருக்கிறது. ஆதி துப்பாக்கியில் 10 குண்டு. ஒவ்வொன்றுக்கும் கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டும். பிறகு விசையை அழுத்த அழுத்தச் சுடுகிற ரகம் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் பேட்டரியும் மின்சாரச் சுற்றும் உள்ளே நுழைந்தன. மேலே குண்டு கொட்டி வைக்கும் கூடைக்கும் மோட்டார் வைத்து, குண்டுகளைத் தள்ளிக் கொடுக்கச் செய்தார்கள். விநாடிக்குப் பத்து குண்டு இன்று அதிசயமில்லை. கணக்குப் பாருங்கள்: குண்டுகள் 2000 கொண்ட பெட்டியாக விற்கின்றன. இந்த வேகத்தில் விரலை எடுக்காமல் அழுத்தினால் மூன்றரை நிமிஷத்துக்குள் பெட்டி காலி, பர்ஸும் காலி! போட்டி நடத்துகிறவர்களே இதற்கு மேல் வேகம் கூடாதென்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். கையால் இழுத்துச் சுடும் பழைய ரகத்துக்கு இப்போது தனி மரியாதை. ஒவ்வொரு குண்டையும் யோசித்துச் சுடுவதுதான் கலை என்கிறார்கள் அதன் பக்தர்கள். மாதச் செலவுக் கணக்கு எழுதுகிற எனக்கும் அந்தக் கட்சிதான் பிடித்திருக்கிறது.

ஆகையால், துப்பாக்கி பழசு என்று உங்கள் பிள்ளை வருத்தப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கும். குக்கர் கேஸ்கெட்டை மாற்றுவது போல் மாற்றி, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் வேலை செய்யும். மீந்துபோன பழைய குண்டுகளை மட்டும் தூக்கி எறியச் சொல்லுங்கள். ஈரக்காற்றில் ஜெலட்டின் உப்பி, நமுத்த அப்பளத்தின் கதியாகிக் குழலுக்குள்ளேயே உடையும்.

பையில் இன்னும் இரண்டு சாமான்கள் இருக்கின்றன. நான் பயப்படச் சொல்வது அவற்றைக் கண்டுதான்.

முதலாவது சிலிண்டர். குண்டைத் தள்ளுவது காற்றின் அழுத்தம். அந்த நாளில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு; குளிர் நாளில் மக்கர் செய்யும். இப்போது அழுத்தமேற்றிய வெறும் காற்றுக்குப் பலரும் மாறிவிட்டார்கள். சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 3000 அல்லது 4500 பவுண்டு அழுத்தம். கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டுதான் என்றால் புரிந்துகொள்வீர்கள். நம் சமையல் காஸ் சிலிண்டரில் 'ஏ', 'பி', 'ஸி', 'டி' என்ற எழுத்தில் ஒன்றும் வருஷமும் போட்டு, மறு பரிசோதனைக்குக் கெடு குறித்திருக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரி இதிலும் தேதி உண்டு. அமெரிக்காவில் இந்தக் காற்றுச் சிலிண்டர்களைப் பொதுவாக 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். கார்பன் நார் சுற்றியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆயுளே 15 வருஷம். தேதி தாண்டியிருந்தால் ஒழுங்கான மைதானத்தில் காற்று நிரப்ப மாட்டார்கள். வீட்டிலேயே வால்வைத் திருகிப் பார்க்கும் வீர விளையாட்டு கூடவே கூடாது. துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது, சிலிண்டரோடு வர வேண்டிய வால்வு துப்பாக்கியிலேயே தங்கிவிட, சிலிண்டர் ராக்கெட்டாகப் பறந்து உயிரையே வாங்கியதும் அந்த நாட்டில் நடந்திருக்கிறது.

இரண்டாவது முகமூடி. குண்டின் வேகத்துக்கு உச்ச வரம்பு விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். பல மைதானங்களில் இன்னும் குறைத்தே வைக்கிறார்கள். தோளில் பட்டால் ஒரு வாரத்துக்குக் கன்றிய அடையாளம், அவ்வளவுதான். கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம். முகமூடியின் கண்ணாடி நிஜக் கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். வெயிலிலும், கண்ட திரவத்தைப் போட்டுத் துடைப்பதாலும் பலமிழக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழசு எத்தனை பளபளவென்றிருந்தாலும் புதிது வாங்கச் சொல்லுங்கள். இப்போது வருகிறவற்றில் பலவும் இரட்டை அடுக்குக் கண்ணாடி. மூச்சுக் காற்றில் எளிதில் மங்காது. இது சௌகரியம் மட்டுமல்ல. கண்ணாடி மங்கினால், 'ஒரு நிமிஷம் துடைத்துக்கொள்ளலாமே' என்று ஆட்டத்தின் நடுவில் கழற்றத் தோன்றும். கண் டாக்டர்களிடம் வருகிற கேஸ்களில் பெரும்பாலானவை அப்படிக் கழற்றிய நேரத்தில் பட்டவை, அல்லது மைதானத்துக்குப் போகாமல் வீட்டுக் கொல்லையில் முகமூடியே இல்லாமல் ஆடியபோது பட்டவை.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று. ஓய்வு நேரத்தில் குழலின் வாயை அடைக்க முன்பு ஒரு கட்டை செருகுவார்கள். தவறி விசை அழுந்தினால் கட்டையும் சேர்ந்து பறக்கும். அதனால் இப்போது கயிறு வைத்துக் கட்டும் துணிப் பையைத்தான் கேட்கிறார்கள். பார்ப்பதற்குக் குழந்தையின் காலுறை மாதிரி இருக்கும்.

அப்பாவைப் பார்த்துப் பேரக் குழந்தைகளும் ஆசைப்படும். அவர்களுக்கென்று 0.50 அங்குலக் குண்டுள்ள சாதுவான துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. குண்டின் எடை குறைவு, அடியும் குறைவு. பிறந்தநாள் விருந்துகளில்கூட ஆடுகிறார்கள். ஆனால் கண்ணுக்கு 0.50-ம் ஒன்றுதான், 0.68-ம் ஒன்றுதான். பெரியவர்களின் முகமூடி சின்ன முகத்தில் தொளதொளவென்று நிற்கும். பட்டையை இறுக்கிச் சமாளிக்காமல், குழந்தை அளவே இருக்கிறதா என்று மைதானத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.