கையொப்பமும் கோப்பையும்

விளையாட்டில் வென்றாரைப் போற்றுதல் உலகியல்பு. வென்றாருள் தலைவர் ஒருவர் முறை தவறினார் என்று பின்னர்த் தெரியவருமாயின், அவரைப் போற்றியோர் என் செய்வர்? இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற செய்தியொன்று அமெரிக்க நாட்டுக் கல்லூரிக் கால்பந்தாட்டத்தில் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நாம் ஆடும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தினைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. மாணவர் ஆடும் அவ்வாட்டத்தைக் காண ஓர் அரங்கில் நூறாயிரவர்க்கு மேற்பட்டோர் கூடுதலும் உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து அரங்கம் அத்தகையது. அக்கழகத்துக் குழுவிற்கு 2001ஆம் ஆண்டில் தலைமைப் பயிற்சியாசிரியராக வந்தவர் ஜிம் டிரெசல் என்பார். 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் குழு நாட்டின் முதன்மைப் பட்டத்தைப் பெற்றது. பழம்பகையாகிய மிச்சிகன் குழுவினைப் பத்து ஆட்டங்களுள் ஒன்பதில் வென்றது. அமைந்த பேச்சும் நன்னடையும் உடையார் எனப் பெயர் பெற்றமையின், அன்பர் அவரைச் ‘செனட்டர்’ என்று அழைத்தனர்.

2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர்க்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவருடைய மாணவர் சிலர், ஆட்டத்தில் தாம் பெற்ற பரிசுப் பொருள்களைப் பச்சை குத்தும் கடைக்காரர் ஒருவர்பால் கொடுத்துப் பயன் பெற்றனர் என்பது அதனால் தெரியவந்தது. ஆட்டப் புகழைக்கொண்டு மாணவர் பொருளீட்டலாகாது என்பது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தார் அந்நாளில் வகுத்திருந்த விதி. டிரெசல் இச்செய்தியைத் தம் கழகத்தார்க்கு உரைத்திலர். செப்டம்பரில், விதிமீறல் எதனையும் தாம் அறியாரென்னும் பத்திரத்தில் கையொப்பமும் இட்டார். குற்றப்பட்ட மாணவர் அப்பருவத்தில் தொடர்ந்து ஆடினர். 2011ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. மே 30ஆம் நாள் அவர் பதவி துறந்தார்.

அன்பர் அவர் பொருட்டு நிகழ்த்திய வாதங்களை மூன்றாக வகுக்கலாம். ‘விதி மீறாத குழு எது?’ என்பது முதலாவது. பிறர் நோய் நம் நோய்க்கு மருந்தாகாது. ஆதலின் இதனை நீள ஆராய வேண்டுவதில்லை.

‘மாணவர்பால் கொண்ட அன்பினாலும், செய்தி தந்தவர் மறைவாக வைக்குமாறு வேண்டியமையாலும் மறைத்தார்’ என்பது இரண்டாவது. இஃது ஆராயத்தக்கது. அரசினர் விசாரணை நடந்ததும், மறைவு காக்குமாறு வேண்டப்பட்டதும் உண்மையே. ஆயினும், அம்மாணவருள் ஒருவர்க்கு வேண்டியவரான வெளியார் ஒருவர்க்கு டிரெசல் அச்செய்தியை அனுப்பினார். வெளியார்க்கு உரைக்கத் தகுவது தம் கழகத்தார்க்கு உரைக்கத் தகாததாயிற்றோ?

‘விதியே நேர்மையற்றது’ என்பது மூன்றாவது. மூன்றனுள்ளும் வலியுடையது இதுவே; இதன் முற்பகுதியை யாமும் ஒப்புகின்றோம். பயிற்சியாசிரியர் ஆண்டொன்றிற்கு முப்பது இலட்சம் டாலருக்கு மேல் ஊதியம் பெறுகையில், உடல் வருந்தி ஆடிய மாணவன் தான் பெற்ற மோதிரத்தை விற்றல் குற்றமாயிற்று. இது நடுவுநிலையன்று. 2021ஆம் ஆண்டு ஜூலையில், மாணவர் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்டலாம் எனச் சங்கத்தாரே இசைந்தனர். ஆயின், விதி கொடிதென்று கண்டவன் அதனைக் கொடிதென வெளிப்படக் கூறுதல் வேண்டும். நாடறிந்த டிரெசல் அவ்வாறு கூறியிருப்பின், கேட்பார் பலர் இருந்திருப்பர். அவர் விதியை எதிர்த்திலர். அதற்கு உடன்பட்டார்போல் கையொப்பமிட்டார். 2021இல் மாறியது மாணவர் பொருளீட்டல் பற்றிய விதி. அறிந்ததனை அறியேன் என எழுதலாகாது என்னும் விதி மாறிற்றில்லை.

இனி, இதன் விளைவை யார் சுமந்தனர்? 2010ஆம் பருவத்து வெற்றி பன்னிரண்டும் ஏட்டினின்று நீக்கப்பட்டன. 2012இல் அக்கழகத்துக் குழு ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் வென்றது. எனினும் பருவ இறுதிப் போட்டியில் ஆடுதல் அதற்கு மறுக்கப்பட்டது. அக்குழுவினருட் பலர் அக்குற்றத்தில் ஒரு பங்கும் இல்லாதவர். அதே ஆண்டு நவம்பரில், தம் பழைய மாணவர் தோள்களில் டிரெசல் அவ்வரங்கில் சுமக்கப்பட்டார், கூடியிருந்தோர் ஆரவாரித்தனர்.

பழம்பகையாகிய மிச்சிகன் அன்பர் இவற்றையெல்லாம் பழித்தனர். அவர்க்கும் ஒரு காலம் வந்தது. அவர்தம் குழுவைச் சார்ந்தார், எதிர்க்குழுவினரின் சைகைகளை விதிக்கு மாறாக முன்னரே சென்று அறிந்தனர் என்னும் குற்றச்சாட்டு 2023இல் எழுந்தது. பயிற்சியாசிரியர் ஜிம் ஹார்பா, அதனைத் தாம் அறிந்ததில்லை என்றார். ஆயினும் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களுள் இறுதி மூன்றில் களத்தினின்று விலக்கப்பட்டார். குழு மூன்றிலும் வென்று, 2024 ஜனவரியில் நாட்டின் பட்டத்தையும் பெற்றது. இரண்டு வழக்கும் ஒன்றல்ல. ஒருவர் அறிந்து மறைத்தார், மற்றவர் அறியேன் என்றார். ஆனால் அன்பர் வாதம் மட்டும் ஒன்றாகவே நின்றது. ஒஹாயோவார் முன்னர்க் கூறிய விடைகளை மிச்சிகனார் கூறினர். மிச்சிகனார் கூறிய கண்டனத்தை ஒஹாயோவார் கூறினர். சட்டையின் நிறம் மாறியவுடன் அறமும் இடம் மாறிற்று!

டிரெசல் முற்றும் தீயவர் என்பது எம் கருத்தன்று. 2014இல் அவர் யங்ஸ்டவுன் மாநிலப் பல்கலைக்கழகத் தலைவரானார். 2025இல் ஒஹாயோ மாநிலத் துணை ஆளுநருமானார். தவறியவர் மீண்டும் தொண்டாற்றுதலைத் தடுப்பது அறமாகாது. ஆனால், குற்றத்தை மன்னித்தல் வேறு. குற்றமே இல்லையெனல் வேறு. குற்றம் இல்லையென்பார்க்கு மன்னிப்பதற்கு யாது உண்டு? உண்மையை ஒப்பி, அதன் பின்னரும் அவரை நேசித்திருப்பின், அவ்வன்பு உயர்ந்ததாயிருக்கும்.

கல்லூரி தோறும் குழுக்கள் உள்ளன. குழுக்கள் தோறும் அன்பர் உளர். நம்மவர்மீது குற்றச்சாட்டு எழுங்கால், நாம் வினவத்தக்க வினா ஒன்றே: இதனை எதிர்க்குழுவினர் செய்திருப்பின் நாம் என் சொல்லுவோம்? அவ்விடையை மாற்றாது நம்மவர்க்கும் கூறத் துணிவோமாயின், தோற்ற நாளிலும் நம் கல்லூரியின் பெயர் தோற்காது.