கொள்வினை, கொடுப்பினை: கடைத்தெருவுக்கும் ஒரு கடமை உண்டு

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று பேசப்படும் பக்கத்தில் கல்யாண சமாச்சாரத்தை எழுத வந்துவிட்டானே என்று அண்ணாச்சிமார் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இதுவும் கடைத்தெரு விஷயம்தான். படித்து முடித்தால் ஒப்புக்கொள்வீர்கள்.

சென்ற முகூர்த்த மாதத்தில் நம் வட்டாரத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் மகள், வேறு சமூகத்துப் பையனை மணந்துகொண்டாள். இரு வீட்டாரும் சம்மதித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை வைத்து நடந்த திருமணம். பத்திரிகை வாங்கியவர்களில் பாதிப் பேர் போகவில்லை. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அடுத்த வாரமே, "அவருக்குக் கடன் சரக்கு கொடுக்க வேண்டாம்" என்று மொத்தக் கடைகளுக்கு வாய்மொழியாகச் சொல் போயிருக்கிறது. இருபது வருஷமாக வாரா வாரம் பாக்கியைத் தீர்த்து வரும் மனிதர் அவர். அவருடைய கணக்கில் ஒரு பிழை கிடையாது. மகள் யாரைக் கட்டினாள் என்பது மட்டும்தான் குற்றம்.

இதைக் கண்டித்து எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், ஆறு வருஷத்துக்கு முன்னால் கிடையாது. அன்றைக்கு அந்தப் பத்திரிகை வந்திருந்தால் போகாதவர்களின் வரிசையில் நானும் நின்றிருப்பேன். என் வீட்டிலேயே அப்படி ஒரு கல்யாணம் நடந்த பிறகுதான் சில விஷயங்கள் விளங்கின.

என் மூத்த மகனுக்கு என் அக்காள் மகளையே எடுத்தேன். நம் பக்கத்தில் வழக்கமான சங்கதி. இளையவன் பூனாவில் வேலை பார்த்த இடத்தில், ஜான்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான். அவளுடைய தகப்பனார் ஒரு சிறு நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். முதலில் குதித்தேன். பிறகு சம்மதித்தேன். வடக்கிலிருந்து பட்டாணியும் பருப்பும் இறக்கி வியாபாரம் செய்த பழக்கத்தில் எனக்கு அரைகுறை இந்தி உண்டு. அது போதும் என்று நினைத்தது தவறாகப் போயிற்று.

முதல் சிக்கல் ஒரே ஒரு சொல்லில் வந்தது. என்னை 'மாமா' என்று கூப்பிடச் சொன்னோம். அந்தப் பெண் தயங்கினாள். மரியாதை தெரியாதவள் என்று வீட்டில் முணுமுணுப்பு. பிறகு மகன் விளக்கினான். அவர்கள் பேச்சில் மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர் மட்டுமே. அவர் வீட்டில் திருமண சம்பந்தம் என்பதே அங்கே கிடையாது. மாமனாரை அந்தச் சொல்லால் அழைத்தால், கட்டிய கணவனையே அண்ணன் முறை ஆக்கியதுபோல ஆகிவிடும். பாபுஜி என்று கூப்பிட்டாள். நானும் சரி என்றேன். மூத்த மருமகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பிறந்தது முதல் என்னை மாமா என்றவள், தாலி ஏறிய பிறகும் அதே மாமாதான்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரிது. சம்பந்தி தம் மகளைப் பார்க்கக் கடம்பூர் வந்தார். இறங்கியதும் தண்ணீர் கொடுத்தோம், வாங்கவில்லை. இலை போட்டோம், உட்காரவில்லை. தாம் கொண்டுவந்த பண்டத்தைத் தின்றுவிட்டு, ஸ்டேஷன் பக்கம் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நம் வீட்டில் கை நனைக்காதவன் நமக்கு என்ன சொந்தம்? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மருமகள் அழுதுகொண்டே சொன்னாள். பெண்ணைத் தானமாகக் கொடுத்தவர்கள் அந்த வீட்டில் எதையும் திருப்பி வாங்கக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட, என்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம். நமக்கு அவமதிப்பாகத் தெரிந்தது, அவருக்கு நம்மிடம் காட்டும் உச்ச மரியாதை.

அவருக்கும் நம்மால் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மூத்த மருமகள் என் அக்காள் மகள் என்று கேள்விப்பட்டதும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணனும் தங்கையும் அல்லவா! எங்கள் ஊரில் அக்காள் மகளின் காலைத் தொட்டுக் கும்பிடுவோம்" என்றார். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தைப் பார்த்தால் இருவருக்கும் இடம் இருக்கிறது. நெருங்கிய இரத்த உறவில் திருமணம் கூடாது என்று விதித்த சட்டம், வழக்கம் அனுமதித்தால் கூடும் என்றும் சொல்கிறது. நம் முறைப்பெண் கல்யாணம் அந்த விலக்கில்தான் நிற்கிறது. நாம் இயற்கை என்று நினைப்பது இன்னோர் ஊருக்கு அதிசயம். அவர்கள் வழக்கம் நமக்கு அதிசயம். இதில் உயர்வு தாழ்வு எங்கே வந்தது?

பிரான்சு நாட்டு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949, 1950 வாக்கில் மதுரைப் பக்கத்தில் தங்கி நம் உறவு முறைகளை ஆராய்ந்தவர். 1957இல் புத்தகம் எழுதினார். தென்னாட்டில் கொண்டான் கொடுத்தான் உறவு ஒரு தலைமுறையோடு முடியாமல் சொத்துபோல அடுத்த தலைமுறைக்கு இறங்குகிறது என்பது அவருடைய முக்கியமான கருத்து. தகப்பனுக்கு மைத்துனன், மகனுக்குத் தாய்மாமன். அதே மனிதர் நாளை மாமனார். நம் மொழி மூன்று வேலைக்கும் ஏறக்குறைய ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

இதன் வியாபார அர்த்தம் நமக்கு நன்றாகத் தெரியும். வங்கி இல்லாத காலத்தில் மாமன் மச்சான்தான் ஜாமீன். கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கடை வைக்கப் போனவர்கள் மைத்துனனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஊருக்கு வந்து போனார்கள். ஆகவே, "சொந்தத்துக்குள் எடுத்தால் நம்பிக்கை, வெளியே போனால் யார் பொறுப்பு?" என்று கேட்கும் பெரியவர்களை நான் பழிக்க மாட்டேன். அந்தக் கேள்வியில் அனுபவம் இருக்கிறது. ஆனால் நம் தொழிலின் சரித்திரத்தில் மறு பக்கமும் இருக்கிறது. தூர தேசத்து வியாபாரி புது ஊரில் காலூன்றியதும் கல்யாணத்தால்தான்.

வெகுதூரம் போக வேண்டாம். நம் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தையும், பாண்டியனுக்காக வந்து இறங்கிய குதிரைகளையும் பற்றி எழுதியிருக்கிறார். கடல் கடந்து வந்த அரபு வணிகர்கள் இந்தக் கரையில் பெண் எடுத்தார்கள். அந்த வழியில் வளர்ந்த சமூகத்தில் இன்றும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு மகளுக்கு. 'வாப்பா', 'உம்மா' என்று கூப்பிடும் அதே வாய் 'மாமி', 'மச்சான்' என்றும் கூப்பிடுகிறது. மார்க்கம் கடல் வழியாக வந்தது. மொழி தாய் வழியாகத் தமிழாகவே நின்றது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மலாக்கா. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான்களின் ஆட்சியில் அந்தத் துறைமுகம் செழித்தபோது, நம் கரையிலிருந்து போன தமிழ் வணிகர்கள் அங்கேயே தங்கி, மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்தார்கள். அவர்களுடைய வழியினர்தான் மலாக்கா செட்டிகள். 1511இல் போர்த்துக்கீசியரும் 1641இல் டச்சுக்காரரும் 1824இல் ஆங்கிலேயரும் ஊரைப் பிடித்தார்கள். செட்டிகள் அசையவில்லை. 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் இருக்கிறது. வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படையல் போடுவதை மட்டும் விடவில்லை. தமிழ் போயிற்று, சாமி நின்றது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பிள்ளைகள் பேசப் போவது பெரும்பாலும் தாயின் மொழி, வளரும் ஊரின் மொழி. இதை எழுதும்போது எனக்கே நெஞ்சில் ஒரு குத்தல். பூனாவில் வளரும் என் பேரன் என்னிடம் போனில் தமிழ் பேசுகிறான். நாலு வார்த்தைக்கு ஒரு இந்தி. இன்னும் பத்து வருஷத்தில் நாலு வார்த்தைக்கு ஒரு தமிழ் என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. வெளியே கொடுப்பதில் நஷ்டமே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். நஷ்டம் உண்டு. கோடை விடுமுறைக்குப் பேரனைக் கொண்டுவந்து ஆச்சியிடம் விட்டால் பாதி நஷ்டம் ஈடாகும் என்பதுதான் என் கணக்கு.

நம் கரிசல் காட்டையே எண்ணிப் பாருங்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பங்கள் இந்த மண்ணில் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைவித்து நம்மோடு வாழ்கின்றன. அந்த வருகையைத்தான் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' என்று 1976இல் நாவலாக்கினார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். பற்று வரவு உண்டு, மொய் உண்டு, துக்கத்துக்குத் தோள் கொடுப்பதும் உண்டு. மதினி, மாப்பிள்ளை என்று வாய் நிறைய முறை வைத்துக் கூப்பிடுகிறோம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் கிடையாது. கடம்பூர் போளியை ரயிலில் வாங்குகிறவர் எந்தக் கை தட்டியது என்று கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மை கல்யாணப் பந்தலுக்குள் மட்டும் ஏன் வர மறுக்கிறது?

மறுப்பதோடு நின்றாலும் சரி, அது வெட்டரிவாள் வரை போகிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சமூகத்துப் பெண்ணோடு பழகியதுதான் காரணம் என்று வழக்கு நடக்கிறது. வயது வந்த இருவர் மணக்க முடிவு செய்தால் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. மதம் மாறாமலே மணக்க 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று 1967லேயே அண்ணா அரசு சட்டம் செய்தது. சட்டம் எப்போதோ முன்னே போய்விட்டது.

"நாங்கள் அரிவாள் எடுக்கவில்லையே, சரக்குத்தானே கொடுக்கவில்லை" என்று சிலர் சொல்லக்கூடும். சரக்கு நின்றால் கடை நிற்கும். கடை நின்றால் அடுப்பு நிற்கும். இரத்தம் தெரியவில்லை என்பதுதான் வித்தியாசம். இப்படி ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பது குற்றம் என்று மகாராஷ்டிரத்தில் 2016இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். நம் ஊருக்கும் அப்படி ஒரு சட்டம் வந்துதான் நாம் திருந்த வேண்டும் என்பது வணிகர்களுக்கு அழகா?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, எந்த உறுப்பினரின் வீட்டுத் திருமணத்தையும் காரணம் காட்டிச் சரக்கையோ கடனையோ நிறுத்தக் கூடாது என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். கடன் நிறுத்த ஒரே காரணம் பாக்கிதான். இரண்டு, உறுப்பினர் வீட்டுத் திருமணத்துக்குச் சங்கம் சார்பில் வழக்கமாகச் செய்யும் மரியாதையை, மாப்பிள்ளை எந்தச் சமூகம், எந்த மொழி என்று பாராமல் செய்ய வேண்டும். தலைவர் நேரில் போய் வாழ்த்தினால் மற்றவர்களின் தயக்கம் தானாகப் போகும். மூன்று, அந்தச் சில்லறைக் கடைக்காரர் விஷயத்தில் வாய்மொழியாகப் போன சொல்லை வாய்மொழியாகவே திரும்பப் பெற வேண்டும். யார் சொன்னது என்று துருவ வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட சம்பந்தம் வீடு தேடி வரும் அண்ணாச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. நாம் சரக்கு வாங்கும்போது எடை, கழிவு, தவணை எல்லாவற்றையும் முதலிலேயே பேசி முடிக்கிறோம். கல்யாணத்தில் மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல இருந்துவிடுகிறோம். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது, யார் வீட்டில் யார் சாப்பிடுவார், எந்தச் சடங்கு யாருடையது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து ஒரு பகல் பேசினால், பின்னால் வரும் பத்து மனக்கசப்பு மிச்சம். நான் பேசாமல் விட்டதால் இரண்டு நாள் ஒரு நல்ல மனிதரிடம் முகம் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

அந்த மனிதர் என்னை 'சம்தி' என்று அழைப்பார். முதலில் என் பெயரைத் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நம் சம்பந்தியும் அவர்கள் சம்தியும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. சென்ற வருஷம் பேரனின் காதுகுத்துக்கு வந்தபோது, வழக்கப்படி நம் வீட்டில் சாப்பிடவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி வீட்டில் அவருக்கு இலை போடச் சொன்னேன். அங்கே உட்கார்ந்து நிறைவாகச் சாப்பிட்டார். பரிமாறியது என் மனைவி. அவருடைய வழக்கமும் கெடவில்லை, நம் விருந்தோம்பலும் கெடவில்லை.

இந்தத் தை மாதத்தில் நம் உறுப்பினர்கள் யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும், மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பாராமல் குடும்பத்தோடு போய் வாருங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.